பணம் போனது, அறை பதிவாகவில்லை: பிழையை எங்கே பிடிப்பது?

கேள்வி:

எனக்கு ஊர் கொட்டாரம். நாகர்கோவிலில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கன்னியாகுமரியில் உள்ள சில லாட்ஜ்களுக்கு ஆன்லைனில் அறை பதிவு செய்யும் தளத்தை லாரவெல்லில் எழுதியிருக்கிறோம். போன ஐயப்ப சீசனில் ராத்திரி நேரத்தில் வெள்ளைப் பக்கமும், சில சமயம் எங்கள் கோடே வரிவரியாகத் தெரிகிற பக்கமும் வந்தது. 'கஸ்டமர் கண்ணுல எரர் பக்கமே படக் கூடாது' என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் எல்லாக் கன்ட்ரோலர் மெத்தடையும் ட்ரை-கேட்ச்சுக்குள் போட்டேன். எது நடந்தாலும் 'சம்திங் வென்ட் ராங், ப்ளீஸ் ட்ரை அகெய்ன்' என்று மட்டும் வரும். எரர் பக்கம் நின்றுவிட்டது. ஆனால், யுபிஐயில் பணம் போய்விட்டது, அறை பதிவாகவில்லை என்று லாட்ஜ் வாசலில் வந்து சண்டை போடுகிறார்கள். சிலர் இரண்டு தடவை பணம் கட்டியிருக்கிறார்கள். லாகைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. எக்செப்ஷனைக் கன்ட்ரோலரில் பிடிப்பது சரியா, தப்பா? கார்த்திகை பிறப்பதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

— ஒரு வாசகர், கொட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

தம்பி, கன்ட்ரோலரில் போட்டிருக்கும் ட்ரை-கேட்ச்சுகளில் முக்கால்வாசியை எடுத்துவிடுங்கள். பிழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த இடத்துக்குத் தெரியுமோ, அந்த இடத்தில் மட்டும் பிடியுங்கள். மற்றதெல்லாம் மேலே ஏறிப் போகட்டும். மேலே ஒரே இடத்தில் பிடித்து, லாகில் எழுதி, வாடிக்கையாளருக்கு மரியாதையான பக்கம் ஒன்றைக் காட்டலாம். உங்கள் முதலாளி கேட்டதும் இதைத்தான். எரர் பக்கம் வேண்டாம் என்றார். நடந்ததையே மறைத்துவிடச் சொல்லவில்லை.

கடிதத்தோடு அனுப்பியிருந்த புக்கிங் மெத்தடை வரி வரியாகப் படித்தேன். வாசலில் நடக்கிற சண்டைக்குக் காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது. டேட்டாபேஸ் டிரான்ஸாக்‌ஷனைத் திறக்கிறீர்கள். அறை காலியா என்று பார்க்கிறீர்கள். புக்கிங் வரிசையைச் சேர்க்கிறீர்கள். பணம் வந்ததா என்று பேமென்ட் கேட்வேயிடம் கேட்கிறீர்கள். பிறகு பிடிஎஃப் வவுச்சரை உருவாக்கி மின்னஞ்சலில் அனுப்புகிறீர்கள். அதற்கும் அப்புறம்தான் கமிட். இத்தனையும் ஒரே ட்ரைக்குள். கேட்ச்சில் ரோல்பேக், ஒரு ரீடைரக்ட், அந்த ஆங்கில வாசகம்.

சீசன் ராத்திரியில் மெயில் சர்வர் திணறுகிறது என்று வையுங்கள். அறை காலியாக இருந்தது. புக்கிங் வரிசை சேர்ந்தது. பணமும் வந்தது. கடைசியில் மெயில் அனுப்பும் வரியில் டைம்அவுட் ஆகி எக்செப்ஷன் எழுகிறது. நேரே உங்கள் கேட்ச்சுக்கு வருகிறது. அங்கே இருக்கும் ரோல்பேக், சரியாகப் பதிவாகியிருந்த அறையை அழித்துவிடுகிறது. கேட்வேயிடம் போன பணத்தை உங்கள் டேட்டாபேஸ் ரோல்பேக்கால் திருப்ப முடியாது. பணம் அங்கே, அறை இல்லை. ஒரு மின்னஞ்சல் போகாததற்காக ஒரு குடும்பத்தின் அறையை உங்கள் கோடே ரத்து செய்திருக்கிறது. அதோடு நிற்காமல் 'ட்ரை அகெய்ன்' என்றும் சொல்கிறது. சபரிமலை இறங்கி, பிள்ளைகளோடு வேனில் வந்துகொண்டிருக்கிறவர் என்ன செய்வார்? திரும்பப் பணம் கட்டுவார். இரண்டு தடவை கட்டச் சொன்னது உங்கள் தளம்தான். அவர் சொன்னதைச் செய்தார்.

லாக் ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கும் இதுவே விடை. பிடிபடாத எக்செப்ஷன் லாரவெல்லின் மையக் கையாளுநரிடம் போய்ச் சேரும்போதுதான் அது லாகில் எழுதப்படும். நீங்கள் வழியிலேயே பிடித்து, எங்கும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். பிடித்தாக வேண்டிய இடமென்றால், குறைந்தது ரிப்போர்ட் என்ற உதவி ஃபங்ஷனையாவது அழைத்திருக்க வேண்டும். கோட் தொடர்ந்து ஓடும், லாகிலும் பதிவாகும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. படிவத்தைச் சரிபார்க்கும் வேலிடேட் வரியும் அதே ட்ரைக்குள் இருக்கிறது. லாரவெல்லில் வேலிடேஷன் தோற்றால் அதுவும் ஒரு எக்செப்ஷனாகத்தான் எழும். மையக் கையாளுநர் அதைப் பிடித்து, எந்தக் கட்டத்தில் என்ன தப்பு என்ற விவரத்தோடு படிவத்துக்கே திருப்பி அனுப்பும். உங்கள் தளத்தில் கைபேசி எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப் போனவருக்கும் 'சம்திங் வென்ட் ராங்'தான் கிடைத்திருக்கும். எத்தனை தடவை அழுத்தினாலும் அதேதான். அவர் உங்கள் தளத்தை விட்டுப் போயிருப்பார். வேலிடேஷனை ஃபார்ம் ரிக்வெஸ்ட் வகுப்புக்கு மாற்றுங்கள். கன்ட்ரோலருக்குள் நுழையும் முன்பே அது முடிந்துவிடும். பதிவு கிடைக்காவிட்டால் 404, அனுமதி இல்லாவிட்டால் 403 என்று ஃப்ரேம்வொர்க் தானாகவே செய்து தரும் வேலையையும் இந்த ஒட்டுமொத்தக் கேட்ச் கெடுத்திருக்கிறது.

சரி, எங்கேதான் பிடிப்பது? உங்கள் தளத்தில் இருந்தே மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதல் இடம், ஒரே அறைக்கு இரண்டு பேர் ஒரே நொடியில் வருவது. அறை காலியா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு சேர்த்தால், பார்ப்பதற்கும் சேர்ப்பதற்கும் நடுவில் இன்னொருவர் புகுந்துவிடுவார். 'ஓர் அறை, ஓர் இரவு' என்பதை ஒரு வரிசையாக வைத்து, அறை எண்ணும் தேதியும் சேர்ந்து யூனிக் கீயாக இருக்கும்படி டேபிளை அமையுங்கள். இரண்டாவதாக வருகிறவருக்கு மைஎஸ்க்யூஎல் 1062 என்ற எண்ணோடு டூப்ளிகேட் பிழையை எழுப்பும். இந்தப் பிழைக்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியும்: அறை கைமாறிவிட்டது. அதை மட்டும் குறிப்பாகப் பிடித்து, 409 என்ற பதிலோடு 'இந்த அறையைச் சற்று முன் வேறொருவர் எடுத்துவிட்டார். இதே தேதியில் காலியாக உள்ள மற்ற அறைகள் இவை' என்று காட்டுங்கள். இந்தப் பதிவைப் பணம் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். சில நிமிடத்துக்கு அறையைப் பிடித்து வைத்து, பணம் வராவிட்டால் விட்டுவிடலாம். பணம் வாங்கிய பிறகு அறை இல்லை என்று சொல்லும் நிலையே வரக் கூடாது.

இரண்டாவது, டெட்லாக். இரண்டு டிரான்ஸாக்‌ஷன் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றால் இன்னோடிபி அவற்றில் ஒன்றை ரோல்பேக் செய்து 1213 என்ற பிழையைக் கொடுக்கும். இது யார் தப்பும் இல்லை, மறுபடி ஓட்டினால் அநேகமாகப் போய்விடும். லாரவெல்லின் டிரான்ஸாக்‌ஷன் மெத்தடுக்கு இரண்டாவது ஆர்க்யூமென்ட்டாக எத்தனை தடவை முயல வேண்டும் என்று கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால், அப்படி மறுபடி ஓடும் பகுதிக்குள் கேட்வே அழைப்போ மெயிலோ இருக்கக் கூடாது. இருந்தால் அவையும் மறுபடி ஓடும்.

மூன்றாவது, அந்த மெயில். அது போகாவிட்டாலும் புக்கிங் நிற்க வேண்டும். டிரான்ஸாக்‌ஷனை விட்டு அதை வெளியே எடுத்துக் க்யூவில் போடுங்கள். கமிட் ஆன பிறகே க்யூவுக்குப் போகும்படி அமைக்க லாரவெல்லில் வசதி இருக்கிறது. போகவில்லை என்றால் க்யூ மறுபடி முயலும். கடைசி வரை போகவில்லை என்றால் தோற்ற வேலைகளின் பட்டியலில் நிற்கும். காலையில் ஒருவர் பார்த்து அனுப்பலாம்.

இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். பிழையின் பெயர் தெரிகிறது, செய்ய வேண்டியதும் தெரிகிறது. ஒன்றில் வேறு அறையைக் காட்டுகிறோம், ஒன்றில் மறுபடி ஓட்டுகிறோம், ஒன்றில் தள்ளி வைக்கிறோம். இதில் எதுவும் செய்யத் தெரியாத இடத்தில் கேட்ச் எழுதினால் பிழை கண்ணுக்கு மறையும், கேடு உள்ளே தங்கிவிடும். 'அறை காலி இல்லை' என்பதை எக்செப்ஷனாக எழுப்புகிற பழக்கத்தையும் உங்கள் கோடில் பார்த்தேன். தேடும் பக்கத்தில் அது தேவையில்லை. சீசனில் அதுதான் அன்றாடப் பதில். சாதாரணமாக ரிட்டர்ன் செய்யுங்கள்.

மீதி எல்லாவற்றுக்கும் மேலே ஒரே இடம் என்றேன். நம்ம ஊர்க் குளங்களை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் மிஞ்சினால் போக மறுகால் ஓர் இடத்தில் கட்டியிருப்பார்கள். அங்கே கல் பாவியிருக்கும், போகும் ஓடை தெரியும், எவ்வளவு போகிறது என்று கரையில் நின்றே சொல்லிவிடலாம். பயந்து போய்க் கரை நெடுக ஆங்காங்கே ஓட்டை போட்டு வைத்தால் குளமும் நிற்காது, தண்ணீர் எங்கே போனது என்றும் தெரியாது. நீங்கள் ஒவ்வொரு மெத்தடிலும் போட்ட கேட்ச் அந்த ஓட்டைதான்.

லாரவெல்லில் அந்த மறுகால், 10ஆம் பதிப்பு வரை ஹேண்ட்லர் என்ற தனி வகுப்பில் இருந்தது. 2024 மார்ச்சில் வந்த 11ஆம் பதிப்பு முதல் பூட்ஸ்ட்ராப் ஃபோல்டரில் உள்ள ஆப் ஃபைலில், வித்எக்செப்ஷன்ஸ் என்ற பகுதியில் எழுத வேண்டும். அங்கே இரண்டு வேலைகள் தனித்தனியாக இருப்பதைக் கவனியுங்கள். ரிப்போர்ட் என்பது நமக்கு, ரெண்டர் என்பது வாடிக்கையாளருக்கு. ஒரே பிழைக்கு உள்ளே முழு விவரமும் வெளியே இரண்டு வரியும் கொடுக்க இந்தப் பிரிவினைதான் வழி. ஸ்பிரிங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு 3.2 பதிப்பிலிருந்து கன்ட்ரோலர்அட்வைஸ் உண்டு, ரெயில்ஸில் ரெஸ்க்யூ ஃப்ரம் உண்டு. எக்ஸ்பிரஸ் 4இல் எழுதுபவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: அசிங்க் ஃபங்ஷனுக்குள் எழும் பிழை தானாக எரர் மிடில்வேருக்குப் போகாது, நாமே நெக்ஸ்ட் வழியாகக் கொடுக்க வேண்டும். 5ஆம் பதிப்பில் அந்தக் குறை தீர்ந்தது.

இனி, உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் கோடில் நான் பார்த்துத் திடுக்கிட்ட ஓர் இடம். வெப்ஹூக் கன்ட்ரோலர்.

பணம் சேர்ந்ததும் கேட்வே தானாகவே உங்கள் சர்வருக்கு ஒரு தகவல் அனுப்பும். வாடிக்கையாளரின் கைபேசியில் சிக்னல் போய்விட்டாலும், அவர் பிரவுசரை மூடிவிட்டாலும் இந்தத் தகவல் வரும். அதனால்தான் பணத்துக்கு இதுவே கடைசிச் சாட்சி. உங்கள் சர்வர் 200 வரிசையில் பதில் கொடுத்தால், 'பெற்றுக்கொண்டார்கள்' என்று கேட்வே அதோடு முடித்துவிடும். வேறு பதில் கொடுத்தாலோ, பதிலே கொடுக்காவிட்டாலோ, கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். இது அவர்கள் நமக்காகக் கட்டி வைத்திருக்கும் பாதுகாப்பு. உங்கள் வெப்ஹூக்கிலும் அதே ட்ரை-கேட்ச். டேட்டாபேஸ் ஒரு நிமிடம் படுத்துவிட்டால்கூட கேட்ச்சில் பிடித்து, 200 ஓகே என்று அனுப்புகிறீர்கள். பதிவு எதுவும் ஆகவில்லை, ஆனால் ஆகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். அந்தப் பணத்தைப் பற்றி இனி யாரும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள். இந்த ஓர் இடத்தில் உங்கள் சர்வர் 500 என்று கத்தியிருந்தால், ஐந்து பத்து நிமிடம் கழித்து அதே தகவல் மறுபடி வந்து அறை பதிவாகியிருக்கும்.

பிழையைப் பிழை என்று சொல்லாமல் சாதாரணத் தகவல் போல அனுப்பினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. காவல்கிணறு பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிற ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். 1996 ஜூன் 4 அன்று, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான்-5 முதல் முறையாகக் கிளம்பியது. வழிகாட்டும் கருவியின் மென்பொருள் பழைய ஏரியான்-4இல் இருந்து அப்படியே எடுத்தது. அதில் 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் உண்டு. புதிய ராக்கெட்டின் வேகத்தில் அந்த எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. எக்செப்ஷன் எழுந்தது. இதுபோல ஆபத்து இருந்த 7 மாறிகளில் 4க்கு மட்டுமே பாதுகாப்புச் செய்திருந்தார்கள். இது மீதி மூன்றில் ஒன்று. கருவி தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றாக வைத்திருந்த இன்னொரு கருவியிலும் அதே மென்பொருள் என்பதால் அது ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. நின்ற கருவி, தன் பழுதைப் பற்றிய குறிப்பு ஒன்றை அனுப்பியது. ராக்கெட்டின் முதன்மைக் கணினிக்கு அது பழுதுக் குறிப்பு என்று தெரியவில்லை. பறக்கும் நிலையைச் சொல்லும் தரவு என்றே எடுத்துக்கொண்டு எஞ்சின் முனைகளை எல்லை வரை திருப்பியது. கிளம்பி 40 விநாடி அளவில் ராக்கெட் சிதறியது.

விசாரணை அறிக்கையில் அந்த எண் மாற்றம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பழுதுக் குறிப்பைத் தரவாகப் படித்த அந்தக் கணம்தான். 200 ஓகே என்ற உறைக்குள் பிழையை வைத்து அனுப்புகிற ஒவ்வொரு கன்ட்ரோலரும் அதையே செய்கிறது. எச்டிடிபி நிலை எண்கள் வெறும் அலங்காரம் இல்லை தம்பி. வாடிக்கையாளர் அவற்றைப் பார்க்க மாட்டார், ஆனால் கேட்வே பார்க்கிறது, லோட் பேலன்சர் பார்க்கிறது, கண்காணிப்புக் கருவி பார்க்கிறது, கூகுள் பார்க்கிறது. 4 என்று தொடங்கினால் கேட்டவர் பக்கம் குறை, 5 என்று தொடங்கினால் நம் பக்கம் குறை. இந்த ஒரு பாகுபாட்டை ஒழுங்காகச் சொன்னாலே பாதிப் பிரச்சினை வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

வெப்ஹூக்கில் 500 அனுப்பத் தொடங்கினால் ஒரே தகவல் இரண்டு மூன்று தடவை வரும். அதற்கு ஆயத்தமாக இருங்கள். பேமென்ட் எண்ணை யூனிக் கீயாக வையுங்கள். ஏற்கெனவே பதிவான எண் மறுபடி வந்தால், ஒன்றும் செய்யாமல் 200 கொடுங்கள். அப்போது அது உண்மையான 200. வாடிக்கையாளர் பக்கமும் அப்படியே. பணம் கட்டும் பக்கத்தைத் திறக்கும்போதே ஓர் ஆர்டர் எண்ணை உருவாக்கி, அவர் எத்தனை தடவை பட்டனை அழுத்தினாலும் அதே ஆர்டருக்கே போகும்படி செய்தால், இரட்டைப் பணம் பெரும்பாலும் நின்றுவிடும்.

பணம் விஷயத்தில் வெற்றி, தோல்வி என்று இரண்டு நிலை மட்டும் வைத்தால் போதாது. கேட்வேயிடம் கேட்டு டைம்அவுட் ஆனால், பணம் போனதா இல்லையா என்று அந்த நொடியில் நமக்குத் தெரியாது. அதைத் தோல்வி என்று எழுதுவது பொய். 'உறுதியாகவில்லை' என்று மூன்றாவது நிலை ஒன்றை டேபிளில் வையுங்கள். அந்த நிலையில் அறையை விடாமல் பிடித்து வைத்து, பின்னணியில் ஒரு வேலை கேட்வேயிடம் திரும்பக் கேட்டு முடிவு செய்யட்டும். வாடிக்கையாளருக்கும் இதை நேராகச் சொல்லலாம்: 'உங்கள் பணம் எங்களுக்கு வந்ததா என்று சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். தயவுசெய்து மறுபடி கட்ட வேண்டாம். முடிவு குறுஞ்செய்தியில் வரும். உங்கள் குறிப்பு எண் இது.' இப்படி நான்கு வாக்கியம் நல்ல தமிழில் எழுதியிருந்தால் வாசலில் பாதிச் சண்டை நடந்திருக்காது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, கடைக்காரருக்குக் கட்டிய யுபிஐ பணம் கணக்கில் கழிந்து, உறுதிச் செய்தி கடைக்குப் போகாமல் நின்றால், 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. இதையும் உதவிப் பக்கத்தில் போட்டு வையுங்கள். அதற்கு முன், உங்களிடம் சிக்கி நிற்கும் இரட்டைப் பணங்களைக் கேட்வே கணக்கோடு ஒப்பிட்டு நீங்களே திருப்பிக் கொடுங்கள். அவை வங்கியில் நின்ற பணம் இல்லை, உங்கள் கணக்குக்கு வந்துவிட்ட பணம். தானாகத் திரும்பாது.

'மறுபடி முயலவும்' என்ற வாசகத்தின் இன்னொரு ஆபத்தை நாடே பார்த்தது. 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் திறந்தபோது, தளம் திணறிப் பலருக்கும் பிழைதான் வந்தது. ஆளாளுக்கு விடாமல் அழுத்தினார்கள். அன்றைக்கே ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள் என்றால் எத்தனை அழுத்தல் என்று பாருங்கள். உங்கள் தளத்துக்குச் சித்திரா பௌர்ணமியும் மண்டல காலமும் அந்த அளவில் இல்லாவிட்டாலும் அந்த மாதிரிதான். சர்வர் தாங்காதபோது 503 அனுப்பி, ரிட்ரை-ஆஃப்டர் என்ற ஹெடரில் எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அதுவரை பட்டனை முன்பக்கத்தில் பூட்டி வையுங்கள்.

கோடு தெரிகிற பக்கம் வந்தது என்று எழுதியிருந்தீர்களே, அது அவமானம் என்பதோடு முடிகிற விஷயம் இல்லை. லைவ் சர்வரில் ஆப் டீபக் ட்ரூ என்று இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஃபைல் பாதைகளும் தோற்றுப்போன எஸ்க்யூஎல் வாக்கியங்களும் தெரியும். சில நேரம் என்விரான்மென்ட் ஃபைலில் உள்ள கடவுச்சொற்கள் வரை வெளியே வரும். 2021 ஜனவரியில் வெளியான சிவிஇ-2021-3129 என்ற ஓட்டை, டீபக் திறந்திருந்த லாரவெல் தளங்களில் வெளியாள் தன் கோடை ஓட்டும் அளவுக்கு வழிவிட்டது. லாரவெல்லின் பிழைப் பக்கத்தை வரையும் இக்னிஷன் என்ற பேக்கேஜில்தான் அந்த ஓட்டை. உங்கள் தளம் எத்தனை நாள் அப்படித் திறந்து கிடந்தது என்று பாருங்கள். டேட்டாபேஸ் கடவுச்சொல், கேட்வே சாவி, மெயில் கடவுச்சொல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். மூடிவிட்டோமே என்று விட்டுவிடாதீர்கள்.

லாக் எழுதத் தொடங்கியதும் எதிர்ப்பக்கத் தப்பைச் செய்துவிடக் கூடாது. ரிக்வெஸ்ட் முழுவதையும் லாகில் கொட்டுவது பலருக்கும் பழக்கம். லாட்ஜ் தளத்தில் ஆதார் எண்ணும் முகவரியும் கைபேசி எண்ணும் வரும். அவை லாகில் கிடந்தால், லாகைப் பார்க்கிற எல்லோர் கையிலும் இருக்கும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆர்டர் எண், ரிக்வெஸ்ட் எண், எந்த ரூட், எந்த எக்செப்ஷன், எந்த வரி என்பது போதும். அந்த ரிக்வெஸ்ட் எண்ணையே வாடிக்கையாளருக்குக் குறிப்பு எண்ணாகக் காட்டினால், அவர் போனில் சொன்னதும் லாகில் தேடி எடுத்துவிடலாம். ஒரு பிழையைப் பிடித்து வேறு பெயரில் மேலே எறியும்போது, மூலப் பிழையை மூன்றாவது ஆர்க்யூமென்ட்டாகச் சேர்த்து அனுப்பவும் மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் வேர் எங்கே என்று கடைசி வரை தெரியாது.

பிஎச்பிக்கே உரிய ஒரு பொறியும் உங்கள் இரண்டு கன்ட்ரோலர்களில் இருக்கிறது. நேம்ஸ்பேஸ் உள்ள ஃபைலில், முன்னால் பின்சாய்வுக் கோடு போடாமல் கேட்ச் எக்செப்ஷன் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மேலே யூஸ் வரியும் இல்லை. பிஎச்பி அதை உங்கள் நேம்ஸ்பேஸுக்குள் உள்ள எக்செப்ஷன் என்ற வகுப்பாக எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு வகுப்பே இல்லை. ஆனாலும் அது குறை சொல்லாது. கேட்ச் இருக்கும், எதையும் பிடிக்காது. பின்சாய்வு போட்டாலும் டைப்எரர் போன்றவை வழுக்கிப் போகும். பிஎச்பி 7 முதல் அவை எரர் என்ற தனிக் கிளையில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது த்ரோவபிள். அதை மேலே உள்ள மையக் கையாளுநருக்கு விட்டுவிடுங்கள்.

முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். பணம் கட்டியும் அறை கிடைக்காத புக்கிங்குகளைக் கேட்வே அறிக்கையிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி, அவர் முன் வையுங்கள். எரர் பக்கம் காட்டாமல் இருந்ததன் விலை அந்தத் தாளில் இருக்கும். எந்த முதலாளிக்கும் அந்தக் கணக்கு புரியும். கூடவே, புதிதாக வடிவமைத்த 500 பக்கத்தையும் காட்டுங்கள்: லாட்ஜ் தொலைபேசி எண், குறிப்பு எண், தமிழிலும் இந்தியிலும் மலையாளத்திலும் இரண்டிரண்டு வரி. கன்னியாகுமரிக்கு வருகிறவர்களுக்கு இந்த மூன்றும் ஆங்கிலமும் போதும்.

மாற்றி முடித்ததும் வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். சோதனை சர்வரில் மெயில் கடவுச்சொல்லைத் தப்பாகக் கொடுத்து ஒரு புக்கிங் செய்யுங்கள். அறை நிற்க வேண்டும். பணம் கட்டும் நடுவில் டேட்டாபேஸை நிறுத்துங்கள். வெப்ஹூக் 500 கொடுக்க வேண்டும், டேட்டாபேஸைத் திரும்ப ஓடவிட்டதும் அடுத்த முயற்சியில் பதிவாக வேண்டும். இரண்டு பிரவுசரில் ஒரே அறையை ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஒருவருக்கு அறை, இன்னொருவருக்கு மாற்று அறைப் பட்டியல் வர வேண்டும். மூன்றிலும் லாகைத் திறந்து பார்த்த பிறகே லைவ் சர்வருக்கு ஏற்றுங்கள்.

வேலை வரிசையையும் சொல்லிவிடுகிறேன். டீபக்கை மூடிச் சாவிகளை மாற்றுவது இன்றைக்கே நடக்க வேண்டும். அடுத்தது வெப்ஹூக்; அதில் உள்ள கேட்ச்சை எடுப்பது அரை நாள் வேலைகூட இல்லை. அதன் பிறகு மெயிலை டிரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே கொண்டு வாருங்கள். மற்ற கன்ட்ரோலர்களை நிதானமாகச் சுத்தம் செய்யலாம். இந்த மூன்றும் முடியாமல் கார்த்திகை முதல் தேதிப் புக்கிங்கைத் திறக்க வேண்டாம்.